அடுத்த பக்கத்தின் முதல் சொல்

ஹாஜி கலீலுக்கு அழுவது அல்வா சாப்பிடுகிற மாதிரி. காஷான் நகரத்துப் பன்னீர் வியாபாரிகளில் அவரைவிடப் பெரிய கை இரண்டு மூன்று பேர் இருக்கலாம். அவரைவிட நன்றாக அழக்கூடியவர் ஒருவரும் இல்லை. அதுவும் வீட்டில் நடக்கிற எதற்கும் அழமாட்டார். சொந்தத் தம்பி யாத்திரை போன இடத்தில் காய்ச்சலில் இறந்த செய்தி வந்தபோது, "குடுத்தவன் எடுத்துக்கிட்டான்" என்று ஒரு வரி சொல்லிவிட்டு, பன்னீர்க் குடுவைகளுக்குத் தக்கை அடைக்கப் போய்விட்டார். ஆனால் செய்யுளில் யாராவது ஒருவன் ஒருத்தியைக் காதலித்து, அவள் கிடைக்காமல், வனாந்தரத்தில் படுத்துச் செத்தால் போதும். ஹாஜியின் தாடி நனைந்துவிடும்.

இப்படிப்பட்ட ஆண்கள் காஷானில் தெருவுக்கு நாலு பேர் உண்டு. நல்லவர்கள்தான். ஆனால் அவர்கள் வீட்டில் பெண்ணாகப் பிறப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

ஹாஜியின் ஒரே மகள் தூபா. இருபது வயது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஹாஜியின் கண்களில் புரை விழுந்து, எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி தெரிய ஆரம்பித்ததிலிருந்து, அவருக்குப் படித்துக் காட்டுவது அவள் வேலை. கோடையில் மதியத் தொழுகை முடிந்ததும் வீடு மொத்தமும் நிலவறைக்கு இறங்கிவிடும். மேலே முற்றத்துக் கல்லில் கால் வைக்க முடியாது. கீழே காற்றுக் கோபுரத்தின் வழியாக இறங்குகிற காற்றுக்குப் போர்வை கேட்கும். ஹாஜி திண்டில் சாய்ந்துகொள்வார். அம்மா, பீபி கானும் என்று பெயர், வெள்ளரிக்காய் நறுக்குவாள். ஹாஜியின் தங்கை ருகையா, தூபாவுக்கு அத்தை, புருஷன் போனபின் அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள். அவள் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்பாள். நடுவில் ஒரு திரை. திரைக்கு அந்தப்புறம் ஹாஜியின் பால்ய சிநேகிதர் முல்லா யஹ்யா. தெருவில் பாதிப் பேருக்கு நிக்காஹ் நடத்தி வைத்தவர். அவரும் அழுவதில் சளைத்தவர் இல்லை.

அந்தக் கோடையில் தூபா படித்தது மெஹ்ர்யார், ஸமன் என்ற இரண்டு பேரின் கதை. ஆறாயிரம் ஈரடிகள். இஸ்ஃபஹானில் ஒரு பெரிய வீட்டில் மட்டும் இருந்த பிரதியை, புத்தகக் கடைத்தெருவில் நகலெழுதிப் பிழைக்கிற நயீம் இரவல் வாங்கி வந்திருந்தான். எழுத எழுத, பதினாறு பக்கம் கொண்ட ஒரு கட்டாக, வியாழன்தோறும் கொண்டுவந்து கொடுப்பான். மெஹ்ர்யாரைக் கிணற்றில் தள்ளிய இடத்தோடு ஒரு கட்டு முடிந்தபோது, அடுத்த வியாழன் வரைக்கும் ஹாஜிக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டு வாசல் கதவில், ஊர் வழக்கப்படி, தட்டுவதற்கு இரண்டு சாமான்கள் இருந்தன. வலப்பக்கம் ஆண்கள் தட்டுகிற தடித்த இரும்புக் கட்டை. இடப்பக்கம் பெண்கள் தட்டுகிற மெல்லிய வளையம். சத்தத்தை வைத்தே வந்திருப்பது ஆணா பெண்ணா என்று தெரிந்துகொண்டு, அதற்கேற்ற ஆள் போய்த் திறக்கும். முதல் இரண்டு வாரம் நயீம் கட்டையைத்தான் தட்டினான். வேலைக்காரக் கிழவர் போய் வாங்கி வந்தார். மூன்றாவது வாரம் அவனுக்கு இரண்டு கையிலும் காகிதம். முழங்கையால் இடித்ததில் வளையம் ஒலித்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண் என்று நினைத்துத் தூபா போய்த் திறந்தாள். வெளியே ஒரு மனிதன், விரலெல்லாம் மசி, பேனாவை வாயில் கவ்விக்கொண்டு நின்றான். அவள் முகத்திரையை இழுத்துவிட்டுக்கொள்வதற்கே நேரமில்லை.

நாலாவது வாரம் அவன் கையில் ஒரு கட்டு மட்டும்தான் இருந்தது. ஆனாலும் வளையம்தான் ஒலித்தது. அது தவறி நடந்ததென்று சொல்ல முடியாது.

"போன கட்டுல ஒம்பதாவது பக்கத்துல ஒரு வரி விட்டுட்டீங்க" என்றாள் தூபா, கதவுக்குப் பின்னாலிருந்து.

"வேணும்னுதான் விட்டேன்."

"எதுக்கு?"

"நீங்க படிக்கறீங்களா, இல்ல வெறுமனே வாசிச்சுத் தள்ளறீங்களான்னு பாக்க."

அப்படி ஆரம்பித்தது. வாரத்துக்கு ஒரு தரம், ஒரு குடம் நிரம்புகிற நேரம். அவ்வளவுதான் அவர்களுக்குக் கிடைத்தது. விட்டுப்போன வரியைப் பற்றிப் பேசினார்கள், மெஹ்ர்யாரின் அசட்டுத்தனத்தைப் பற்றிப் பேசினார்கள், நயீமின் அம்மாவுக்கு முட்டிவலி என்று பேசினார்கள். பதினைந்தாவது வாரத்தில் தூபாவுக்குத் தெரிந்துவிட்டது, இவனைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று. அவனுக்கு அது ஏழாவது வாரத்திலேயே தெரியுமாம்.

கடைசிக் கட்டு வந்த வியாழன், வளையம் வழக்கத்தைவிட மெதுவாக ஒலித்தது.

"இதோட முடிஞ்சுது" என்றான் நயீம்.

"சாகறாங்களா?"

"ரெண்டு பேரும்."

"அது முதல் கட்டுலயே தெரிஞ்சதுதானே." தூபா தாள்கட்டை வாங்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "தெஹ்ரான் பாதையில ஒட்டகம் விடற தாவூத் ஆகா இருக்காருல்ல, அவரு அம்மா நேத்து வந்துட்டுப் போனாங்க. பொண்ணு பாக்க. அப்பா வார்த்தை குடுத்துட்டாரு."

நயீம் விரலில் இருந்த மசியைச் சட்டையில் துடைத்தான்.

"நீங்க அதுக்காகப் பாலைவனத்துல போய்ப் படுத்துடாதீங்க" என்றாள்.

"எனக்கு வெயிலே ஒத்துக்காது. ஹாஜிகிட்ட நான் வந்து கேக்கட்டுமா?"

"இப்ப வந்தீங்கன்னா வாசல்லயே முடிச்சு அனுப்பிடுவாரு. முதல்ல நான் சொல்லணும். என் வாயால சொல்லணும்."

"சொல்லுவீங்களா?"

"ஏன், எனக்கு வாய் இல்லையா?"

அவன் தாள்கட்டைத் திரும்ப வாங்கினான். இடுப்பிலிருந்த பேனாப் பெட்டியைத் திறந்து, தாள்களைக் கதவில் வைத்து, கடைசிப் பக்கத்தின் அடியில் ஏதோ எழுதினான். ஊதிக் காயவைத்துக் கொடுத்தான். உள்ளே அத்தை இருமினாள். கதவு சாத்திக்கொண்டது.

நகலெழுதுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பக்கத்தின் அடியில், ஓரமாக, அடுத்த பக்கத்தின் முதல் சொல்லைச் சின்னதாக எழுதி வைப்பார்கள். தாள்கள் கலைந்துபோனாலும் பைண்டு செய்கிறவன் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வரிசைப்படுத்திவிடுவான். நூலின் கடைசிப் பக்கத்தில் மட்டும் அந்த இடம் காலியாக இருக்கும். அதற்கு மேல் பக்கம் இல்லையே. தூபா நடையில் நின்று வெளிச்சத்தில் பார்த்தாள். காலியாக இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சொல் இருந்தது. "சொன்னாள்."

அன்று மதியம் அவள் கதையின் முடிவைப் படித்தாள். ஸமனை அவள் அப்பா வேறொருவனுக்கு நிச்சயம் செய்கிறார். நிக்காஹ் நடக்கிறது. முல்லா மணப்பெண்ணிடம் சம்மதம் கேட்கிறார். முதல் தடவை, சுற்றியிருக்கும் பெண்கள் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே, மணப்பெண் பூப்பறிக்கப் போயிருக்கிறாள் என்கிறார்கள். இரண்டாம் தடவை, பன்னீர் எடுத்துவரப் போயிருக்கிறாள் என்கிறார்கள். மூன்றாம் தடவை மணப்பெண்தான் பதில் சொல்ல வேண்டும். ஸமன் வாயைத் திறக்கவில்லை. கன்னிப்பெண்ணின் மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு எழுதிவிடுகிறார்கள். மெஹ்ர்யார் உப்புப் பாலைவனத்தில் போய்ப் படுக்கிறான். அவன் மண்ணின் மேலேயே அவளும் விழுகிறாள். இரண்டு கல்லறைக்கும் நடுவில் ஒரு சைப்ரஸ் மரம் முளைக்கிறது.

மரம் வந்த இடத்தில் ஹாஜி குலுங்கிக் குலுங்கி அழுதார். திரைக்கு அந்தப்புறம் முல்லா மூக்கைச் சிந்தினார்.

"ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா அந்தப் பொண்ணு?" என்றார் ஹாஜி. "வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தா? சொல்லியிருந்தா எந்தத் தகப்பன் கேக்காம இருப்பான்?"

"அந்த முல்லாவைச் சொல்லணும்" என்றது திரை. "பொண்ணு மனசு இல்லாம நிக்காஹ் எப்படிச் செல்லும்?"

"அனுமதி குடுக்காத அப்பனும் உண்டா?" என்றார் ஹாஜி. "வாயைத் திற, சொல்லு. அவ்வளவுதானே."

தூபாவின் கட்டைவிரல் அந்தச் சின்னச் சொல்லின் மேல் இருந்தது. முல்லா விடைபெற்றுப் படியேறுகிற சத்தம் ஓய்கிறவரை காத்திருந்தாள்.

"அப்பா, நான் ஒரு வார்த்தை சொல்லணும்."

"சொல்லும்மா." இன்னும் தாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தாவூத் ஆகா வேண்டாம். அந்த நகலெழுதற நயீமைக் கட்டிக்கறேன்."

துடைத்த கை அப்படியே நின்றது. அம்மாவின் கத்தி வெள்ளரிக்காயில் பாதியில் நின்றது. அத்தை மட்டும் கண்ணைத் திறந்தாள்.

"அப்பவே நெனச்சேன்" என்றாள் அத்தை. "வியாழக்கிழமையானா எவளோ வளையத்தைத் தட்டறா, ஆனா ஒருத்தியும் உள்ள வந்து உக்காந்து டீ குடிக்கக் காணோமேன்னு."

"இப்பத்தானேப்பா சொன்னீங்க, சொல்லியிருந்தா எந்தத் தகப்பன் கேக்காம இருப்பான்னு."

"அது கதைம்மா."

"அப்ப அழுதது?"

"அழறது வேற." ஹாஜி எழுந்துவிட்டார். "தாவூத் வீட்டுக்கு வார்த்தை குடுத்தாச்சு. நல்ல மனுஷன், நாலு பேரு மதிக்கற மனுஷன். அந்தப் பய விரல்ல இருக்கற மசியைக் கரைச்சா சோறு பொங்கிப் போடுவான்? இனிமே இந்தப் பேச்சு இந்த வீட்ல கூடாது."

அவர் சுவரைத் தடவிக்கொண்டு படியேறிப் போனார். தூபா அழவில்லை. அந்த வீட்டில் கண்ணீருக்கு என்ன மதிப்பு என்று பார்த்தாகிவிட்டது. அவளுக்கு வந்தது கோபம். காதுமடல் சூடாகிற கோபம். அப்பா மோசமானவராக இருந்திருந்தால் அந்தக் கோபம் சுலபமாக இருந்திருக்கும். அவள் அவரை ரொம்ப நேசித்தாள், அதுதான் தொல்லை.

சாயங்காலத்துக்குள் அத்தை ஒரு பழந்துணியைக் கிழித்து வாசல் வளையத்தில் இறுகச் சுற்றிவிட்டாள். அதன் பிறகு வியாழக்கிழமைகளில் அது ஒலிக்கவில்லை.

மாதுளை பழுக்கிற காலத்தில் நாள் குறித்தார்கள். நிக்காஹுக்கு முந்தின நாள் மணப்பெண்ணின் முகத்து ரோமத்தை நூல் வைத்து எடுக்க வேண்டும். அத்தையே அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மேலுதட்டிலிருந்து ஆரம்பித்தாள். அந்த நேரம் தூபாவால் பேச முடியாது. அத்தை அதைத் தெரிந்துதான் செய்தாள்.

"உன் நெனப்பு எனக்குத் தெரியும்டி" என்றாள், நூலைப் பல்லிடுக்கில் வைத்தபடியே. "மூணாவது தடவை கேக்கும்போது மாட்டேன்னு சொல்லலாம்னு இருக்க. நான் என்ன நேத்துப் பொறந்தவளா? நம்ம தெருவுல குலவை போடறதுக்குன்னே பொறந்த அஞ்சு பொம்பளைங்களை உன்னைச் சுத்தி உக்கார வெக்கறேன். மூணாவது தடவை முல்லா வாயை மூடினதும் குலவை கெளம்பும். நீ ஆமான்னு சொன்னாலும் ஒண்ணுதான், இல்லன்னு சொன்னாலும் ஒண்ணுதான். சொல்லாட்டி மௌனம் சம்மதம். சொன்னா குலவையில முங்கிடும். எப்படி?"

தூபா கண்ணில் நீர் வந்தது. நூல் இழுத்ததில் வந்த நீர்.

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றாள் அத்தை, சற்று இறங்கிய குரலில். "எனக்கும் பதினாலு வயசுல கேட்டாங்க. நானும் வாயைத் திறக்கல. செத்தா போயிட்டேன்?"

 தூபாவுக்கு அத்தையைப் பார்த்து முதல்முறையாகப் பாவமாக இருந்தது. ஆனால் பாவப்பட்டு உட்கார்ந்திருக்க நேரமில்லை. அத்தை சொன்னதையே மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டினாள். மூணாவது தடவை. எல்லோருடைய காவலும் மூணாவது தடவைக்கு. இந்த ஊரில் எந்த மணப்பெண்ணும், ஆமாவோ இல்லையோ, அதற்கு முன்னால் வாய் திறந்ததே கிடையாது. அதனால் முதல் தடவைக்குக் காவல் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கே அதுவரை தோன்றியதில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கே வீடு நிறைந்துவிட்டது. பெரிய அறையைத் திரை போட்டு இரண்டாக்கியிருந்தார்கள். இந்தப்புறம் பெண்கள். தூபாவைக் கண்ணாடிக்கும் மெழுகுவர்த்திகளுக்கும் முன்னால் உட்கார வைத்தார்கள். தலைக்கு மேலே நாலு பெண்கள் வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்தார்கள். ஒருத்தி இரண்டு சர்க்கரைக் கூம்புகளை ஒன்றோடொன்று உரச, இனிப்புத் தூள் துணியில் உதிர்ந்தது. அம்மா பீபி கானும் ஏழு நிற நூல் கோத்த ஊசியால் துணியின் ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தைக்கிற பீபி?" என்று கேட்டார்கள் பெண்கள், சம்பிரதாயப்படி.

"மாமியார் நாக்கைத் தைக்கிறேன்" என்றாள் அம்மா, அதுவும் சம்பிரதாயப்படி. எல்லோரும் சிரித்தார்கள். தாவூத் ஆகாவின் அம்மாவும் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. அவள் தையல் கோணலாகப் போயிற்று.

குலவைக்கார ஐந்து பேரும் வலப்பக்கம் வரிசையாக உட்கார்ந்து பாதாம் கொறித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை அவர்களுக்குப் பின்னால் நின்றாள்.

திரைக்கு அந்தப்புறம் முல்லா யஹ்யாவின் குரல் கேட்டது. குர்ஆன் பிரதி ஒன்று, கண்ணாடி ஒன்று, ஒரு ஜோடி மெழுகுவர்த்தித் தண்டு என்று, மாப்பிள்ளை பெண்ணுக்குத் தருகிற மஹர் விவரங்களை ராகம் போட்டுச் சொல்லி முடித்து, அவர் கேட்டார்: "மரியாதைக்குரிய மகளே, உங்களைத் தாவூத் ஆகாவுக்கு மணமுடித்து வைக்க எனக்கு அதிகாரம் தருகிறீர்களா?"

"மணப்பொண்ணு பூப்பறிக்கப் போயிருக்கா" என்றார்கள் பெண்கள் ஒரே குரலில்.

சிரிப்பு அடங்கியது. முல்லா தொண்டையைக் கனைத்துக்கொண்டார், இரண்டாம் தடவைக்காக. பாதாம் கொறிக்கிற சத்தம்கூட நின்றிருந்த அந்தக் கணத்தில் தூபா வாயைத் திறந்தாள். ஆறாயிரம் ஈரடிகளைத் திரைக்கு அந்தப்புறம் கேட்கும்படி படித்துப் பழகிய குரல் அது.

"இல்ல முல்லா. நான் எங்கயும் போகல. இங்கதான் இருக்கேன்."

தலைக்கு மேல் சர்க்கரை உரசுவது நின்றது. அத்தைதான் முதலில் சுதாரித்தாள். நாக்கைச் சுழற்றிக் குலவையை எழுப்பினாள். ஆனால் குலவைக்காரிகளுக்குச் சொல்லி வைத்தது மூன்றாம் தடவைக்கு. அவர்கள் வாயில் பாதாமோடு விழித்தார்கள். அத்தையின் குலவை ஒற்றையாக எழும்பி, துணையில்லாமல் பாதியில் அறுந்தது.

"யாரு பேசறது?" என்றார் முல்லா. அவருக்கு நன்றாகத் தெரியும்.

"தூபா. ஹாஜி கலீலோட மக." ஒரு மூச்சு விட்டுக்கொண்டாள். மணப்பெண்கள் மூன்றாம் தடவை சொல்கிற பதில் ஒன்று உண்டு. அது தகப்பனின் அனுமதியில்தான் தொடங்கும். தூபாவும் அங்கேதான் தொடங்கினாள். "எங்கப்பாவோட அனுமதியோட, பெரியவங்க அனுமதியோட சொல்றேன். எனக்குச் சம்மதம் இல்ல."

அந்தப்புறம் யாரோ எழுந்திருக்கிற சத்தம். ஹாஜியின் குரல் கீச்சென்று வந்தது.

"நான் எப்படி அனுமதி குடுத்தேன்? எப்பக் குடுத்தேன்?"

"கோடையில குடுத்தீங்கப்பா. நிலவறையில. கடைசிக் கட்டு படிச்ச அன்னிக்கு. வாயைத் திற, சொல்லு, அவ்வளவுதானேன்னு சொன்னீங்க. முல்லாவும் கேட்டாரு."

 முல்லா யஹ்யாவுக்கு அறுபத்தெட்டு வயது. ஹாஜி வீட்டுச் சாப்பாடும் ஹாஜியின் சிநேகமும் இல்லாமல் அவருக்கு வாழ்க்கையில் வேறு பெரிய சுகம் கிடையாது. அவர் யோசித்த நேரம் தூபாவுக்கு ஆறாயிரம் ஈரடிகளைவிட நீளமாக இருந்தது.

"கேட்டேன்" என்றார் முல்லா. "கலீல், நானும் அன்னிக்கு ஒண்ணு சொன்னேன். பொண்ணு மனசு இல்லாம நிக்காஹ் செல்லாதுன்னு. அழுதுகிட்டே சொன்னேன். இப்ப காதுல விழுந்ததை விழலன்னு என்னால எழுத முடியாது."

தாவூத் ஆகா பேசினார். அவர் குரலைத் தூபா கேட்டது அதுதான் முதல் தடவை. களைத்த, சாதாரணக் குரல். "அம்மா, கெளம்புங்க. முதல் தடவையிலயே சொல்லிட்டா. மூணாவது தடவை வரைக்கும் உக்கார வெச்சுச் சொல்லியிருந்தா இன்னும் அசிங்கமா இருந்திருக்கும்." செருப்பைத் தேடுகிற சத்தம் கேட்டது. அவருக்குச் செய்தது அநியாயம் என்று தூபாவுக்குத் தெரிந்தது. அதற்காக அவள் அன்றைக்கு மட்டுமல்ல, பல நாள் வெட்கப்பட்டாள். ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஒரு கணமும் நினைக்கவில்லை.

 அம்மா ஊசியிலிருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்து, அதுவரை தைத்த தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

அதற்கப்புறம் நாற்பது நாள் ஹாஜி மகளோடு பேசவில்லை. சாப்பாட்டைப் பன்னீர்க் கிடங்கிலேயே முடித்துக்கொண்டார். கடைத்தெருவில் "ஹாஜி, பூவெல்லாம் செடியிலயே இருக்காமே?" என்று ஒருவன் கேட்டான் என்று கேள்வி. ஊர் தூபாவுக்குப் பெயர் வைத்துவிட்டது: பூப்பறிக்கப் போகாதவள். அத்தை, "காஷான் தேளுக்குத்தான் பேர் போனதுன்னு நெனச்சேன், இப்ப நம்ம வீட்டுக்கும்" என்று போகிறபோதும் வருகிறபோதும் சொன்னாள். முல்லா யஹ்யா அந்தப் பக்கமே வரவில்லை. நயீமிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. துணி சுற்றிய வளையத்தைத் தட்டி என்ன பிரயோஜனம்? தூபா காத்திருந்தாள். ஒவ்வொரு நாளும் காலையில் அப்பாவின் அறைவாசலில் நின்று ஸலாம் சொன்னாள். பதில் வரவில்லை. மறுநாளும் போய்ச் சொன்னாள். இதில் அவள் தோற்பதாக இல்லை.

குளிர் வந்துவிட்டது. கரியடுப்பை அடியில் வைத்த மேசையின் மேல் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வையைப் போட்டு, எல்லோரும் காலை உள்ளே நீட்டிக்கொண்டு உட்கார்கிற காலம். ஒரு மதியம் ஹாஜி தானாக வந்து, எதிர்ப்பக்கத்தில் ரஜாயைத் தூக்கிக் காலை விட்டுக்கொண்டார். அத்தை உடனே கண்ணை மூடிக்கொண்டாள்.

"தூபா."

"இருக்கேன்ப்பா."

"அந்தக் கடைசிப் பக்கத்தைப் படி."

எடுத்து வந்து படித்தாள். உப்புப் பாலைவனம் வந்தது, மண் வந்தது, மரம் வந்தது. ஹாஜியின் தாடி நனையவில்லை. தலையைக் குனிந்துகொண்டு ஏதோ கணக்குத் தவறிப்போனவர் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதா?"

"பாட்டு முடிஞ்சுது. அடியில ஒரு சொல் இருக்குப்பா."

"கடைசிப் பக்கத்துல ஏது அடியில சொல்லு?"

"நகலெழுதினவரு எழுதினது."

"என்னன்னு?"

"'சொன்னாள்'னு."

 அடுப்பில் கரி ஒன்று உடைந்தது.

"அன்னிக்கு அந்தத் திரைக்குப் பின்னாடி நின்னேன்ல" என்றார் ஹாஜி. "எனக்குக் கோபத்துல ஒண்ணுமே கேக்கல. உன் குரல் மட்டும் கேட்டுது. எனக்குக் கதை படிக்கிற குரல். அதே குரல்ல என்னை எதுத்துப் பேசற. நான் அழுதிருக்கணும். அழுகை வரல. நாப்பது நாளா வரல." கண்ணைக் கசக்கினார். "அந்தப் பொண்ணு, ஸமன், சொல்லியிருந்தா அவ அப்பன் என்ன பண்ணியிருப்பான்?"

"தெரியலப்பா. அந்தப் பக்கம் இல்லையே."

"பொய்தான் சொன்னேன், எந்தத் தகப்பன் கேக்காம இருப்பான்னு. அடிச்சிருப்பான் அவன். வீட்ல பூட்டியிருப்பான்."

"நீங்க பூட்டலையே."

"பேசாம இருந்தேனே. அது என்ன, பூட்டறதைவிடப் பெரிய கருணையா?"

 தூபாவுக்கு நாற்பது நாள் அடக்கி வைத்தது அத்தனையும் வந்தது. புத்தகத்தில் ஈரம் படாமல் தள்ளி வைத்துவிட்டு அழுதாள். அப்பாவின் கை ரஜாயின் மேல் தடவித் தேடி அவள் கையைப் பிடித்துக்கொண்டது. தாடியும் நனைந்திருந்தது. கதை எப்போதோ முடிந்துவிட்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து ஹாஜி கரகரத்த குரலில் சொன்னார்: "அந்தப் பயகிட்டச் சொல்லி அனுப்பு. கடைசிப் பக்கத்துல சொல்லை எழுதி வெச்சுட்டு, அடுத்த பக்கத்தைக் குடுக்காம இருக்கறது என்ன தொழில் நேர்மை? எழுதி எடுத்துக்கிட்டு வரச் சொல்லு. வியாழக்கிழமை. முல்லாவையும் கூப்பிடு, அவரு இல்லாம எனக்கு ஒழுங்கா அழ வரமாட்டேங்குது."

"சரிப்பா."

"அப்பறம், ருகையா, நீ தூங்கலன்னு எனக்குத் தெரியும். அந்த வளையத்துல சுத்தின துணியை அவுக்காத. ஆம்பளைங்க தட்டற கட்டை எந்தப் பக்கம்னு அவனுக்குச் சொல்லி விடுங்க."

வியாழக்கிழமை மதியம் இரும்புக் கட்டை மூன்று முறை இடித்தது. கதவுச் சட்டமே அதிரும்படி இடித்தது. வேலைக்காரக் கிழவர் எழுந்தார். ஹாஜி அவரைக் கையமர்த்திவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டு நடையில் போய், தாழ்ப்பாளைத் தானே தேடிப் பிடித்துத் திறந்தார்.